குடும்பக் கணக்கு: பிள்ளைக்காகக் கடல் கடக்குமுன்



இந்தப் பகுதியில் வழக்கமாகப் பள்ளிச் செலவு, தீபாவளிச் செலவு, கல்யாணச் செலவு என்று பேசுவோம். இம்முறை எடுத்துக்கொண்டிருப்பது வேறொரு செலவு. வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, கணவனும் மனைவியும் விளக்கை அணைத்த பிறகு மெல்லிய குரலில் பேசிக்கொள்ளும் செலவு. திருமணமாகிப் பல ஆண்டுகள் ஆகியும் பிள்ளை இல்லாத தம்பதியர், "வெளிநாட்டில் வாடகைத் தாய் மூலம் பிள்ளை பெற்றுக்கொள்ளலாமாமே, எவ்வளவு ஆகும்?" என்று கேட்கிறார்களே, அந்தச் செலவுதான்.

முன்பெல்லாம் இது பணக்காரர்களின் பேச்சு. 2022-ல் தமிழ்நாட்டில் ஒரு திரையுலகத் தம்பதியர் இந்த முறையில் இரட்டைக் குழந்தைகளுக்குப் பெற்றோரானதும், லயத்து வாசலில் கூட "வாடகைத் தாய்" என்ற சொல் புழங்கத் தொடங்கிவிட்டது. இன்று கைத்தொலைபேசியைத் திறந்தால் விளம்பரம் வருகிறது. "எல்லாம் சேர்த்து ஒரே விலை, குழந்தையோடு வீடு திரும்புங்கள்" என்கிறான் ஏஜண்ட். ஆசை கண்ணை மறைக்கும் இடம் இது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னதை இங்கேதான் நினைவில் வைக்க வேண்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏஜண்ட் காட்டும் விலை, எல்லாம் நல்லபடி நடந்தால் ஆகும் விலை. குடும்பத்தைக் கவிழ்ப்பது, நல்லபடி நடக்காதபோது வரும் செலவு. அது அந்தத் துண்டுக் காகிதத்தில் இருக்காது. அதை நீங்கள்தான் எழுதிச் சேர்க்க வேண்டும்.

முதல் கேள்வி: இது உங்களுக்குத் தேவையா?

கணவனின் விந்தையும் மனைவியின் சினைமுட்டையையும் மருத்துவக்கூடத்தில் சேர்த்து உண்டாக்கிய கருவை, வேறொரு பெண்ணின் கர்ப்பப்பையில் வைத்து வளர்ப்பதே இந்த முறை. சில சமயம் விந்தோ முட்டையோ மற்றொருவரிடமிருந்து பெறப்படும். கர்ப்பப்பை இல்லாமல் பிறந்தவர்கள், நோயினால் அதை எடுத்துவிட்டவர்கள், இருதய நோய் போன்ற காரணத்தால் கர்ப்பம் தாங்கக் கூடாதவர்கள் ஆகியோருக்குத்தான் மருத்துவர்கள் இதை வழியாகச் சொல்வார்கள். பிள்ளை இல்லாத எல்லாத் தம்பதியருக்கும் இது தேவைப்படாது.

நம் வீடுகளில் நடப்பது என்ன? பிள்ளை இல்லை என்றதும் மருமகளைத்தான் டாக்டரிடம் அழைத்துப் போகிறார்கள். கோயிலுக்கும் அவளைத்தான் நடக்க வைக்கிறார்கள். மகனைப் பரிசோதிக்கச் சொன்னால் மாமியாருக்குக் கோபம் வருகிறது. பிள்ளையில்லாத் தம்பதியரில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது என்பது மருத்துவ உண்மை. ஆணுக்கான விந்துப் பரிசோதனை, இந்த வழியில் உள்ள எல்லாச் செலவையும் விடச் சிறியது. அதைச் செய்யாமல் வெளிநாட்டுக்கு விலை கேட்பது, வீட்டுக் குழாயைத் திறந்து பார்க்காமல் கிணறு வெட்ட ஆள் பிடிப்பது போன்றது.

ஆகவே முதலில் இருவரும் சேர்ந்து பரிசோதனை செய்யுங்கள். எல்.பி.பி.கே.என். எனப்படும் தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியத்தின் கிளினிக்குகளில் பிள்ளைப்பேறு பற்றிய ஆலோசனையும் சிகிச்சையும் உண்டு. அரசாங்க மருத்துவமனைகளிலும் உண்டு. கருவை வெளியே உருவாக்கி மனைவியின் கர்ப்பப்பையிலேயே வைக்கும் சோதனைக்குழாய் முறைக்கு, ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுக்கலாம். 2020-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட சலுகை இது. 2024 மே மாதத்தில் சேமநிதி மூன்று கணக்குகளாகப் பிரிந்த பிறகு, இப்பணம் செஜாத்ரா கணக்கிலிருந்து வருகிறது. வாடகைத் தாய் செலவு இந்தச் சலுகைப் பட்டியலில் இல்லை. "சேமநிதியில் எடுத்துக் கட்டலாம்" என்று ஏஜண்ட் சொன்னால், அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

வயதையும் கணக்கில் வையுங்கள். முப்பத்தைந்துக்குப் பிறகு பெண்ணின் சினைமுட்டை குறையும். நாற்பதுக்குப் பிறகு வேகமாகக் குறையும். பணம் சேரட்டும் என்று பத்து ஆண்டு காத்திருந்தால், பணம் சேர்ந்தபோது முட்டை இராது. பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது கேள்வி: எந்த நாட்டுக் கதவு திறந்திருக்கிறது?

"நம்ம தாய்நாடு இந்தியா இருக்கே, சென்னையில் முடித்துவிடலாம்" என்று நினைக்கிறவர்கள் பலர். ஒரு காலத்தில் வெளிநாட்டார் கூட்டமாக இந்தியாவுக்குப் போனது உண்மை. 2015 இறுதியில் அரசு அதை நிறுத்திவிட்டது. 2021-ல் இயற்றி 2022 ஜனவரி 25 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், பணத்துக்காகச் சுமப்பதையே அடியோடு தடை செய்துவிட்டது. மருத்துவச் செலவும் காப்புறுதியும் தவிர அந்தப் பெண்ணுக்கு வேறு பணம் கொடுக்கக் கூடாது. மீறிப் பணம் கொடுத்து நாடும் தம்பதியருக்கே ஐந்தாண்டு வரை சிறை உண்டு. ஆக, "சென்னையில் இவ்வளவு வெள்ளிக்கு முடித்துத் தருகிறேன்" என்று ஒருவர் விலை சொன்னாலே, அவர் உங்களைக் குற்றத்துக்குக் கூட்டிப் போகிறார் என்று பொருள்.

பக்கத்து நாடான தாய்லாந்தும் 2015-ல் சட்டம் போட்டு வெளிநாட்டுத் தம்பதியருக்குக் கதவை அடைத்தது. நேப்பாளமும் அதே ஆண்டில் நிறுத்தியது. ஏஜண்டுகள் கம்போடியாவுக்கு ஓடினார்கள். 2016-ல் அங்கேயும் தடை வந்தது. 2018-ல் அந்நாட்டுப் போலீசார் முப்பதுக்கும் மேற்பட்ட கர்ப்பிணிப் பெண்களைக் கைது செய்தார்கள். பிறக்கும் பிள்ளையைத் தாங்களே வளர்ப்பதாக ஒப்புக்கொண்ட பிறகுதான் அவர்கள் வெளியே வந்தார்கள். பணம் கட்டிக் காத்திருந்த தம்பதியரின் கதி என்ன என்று எண்ணிப் பாருங்கள்.

ஐரோப்பா பக்கம் உக்ரேனும் ஜார்ஜியாவும் வெளிநாட்டுத் தம்பதியர் நாடிய இடங்கள். 2020-ல் கோவிட் நோயால் எல்லைகள் மூடப்பட்டபோது, உக்ரேன் தலைநகர் கியெவில் நாற்பதுக்கும் மேற்பட்ட பச்சைக் குழந்தைகள் பெற்றோர் வர முடியாமல் ஒரு ஹோட்டலில் வரிசையாகக் கிடந்தன. 2022 பிப்ரவரியில் போர் வெடித்தது. ஜார்ஜியா அரசு 2023-ல், வெளிநாட்டாருக்கு இதைத் தடை செய்யப் போவதாகவே அறிவித்தது. கர்ப்பம் பத்து மாதம்; சட்டம் மாற ஒரு நாள் போதும். இதை உங்கள் கணக்கில் "ஆபத்து" என்று தனி வரியாக எழுதுங்கள்.

நம் நாட்டிலேயே செய்யலாமா என்றால், மலேசியாவில் இம்முறையை அனுமதித்து ஒழுங்குபடுத்தும் தனிச் சட்டம் இல்லை. சிங்கப்பூரில் உரிமம் பெற்ற மருத்துவமனைகள் இதைச் செய்யக் கூடாது.

மூன்றாவது: காகிதமும் பேனாவும் எடுங்கள்

இப்போது செலவுத் தலைப்புகளைப் பார்ப்போம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஏஜண்டிடம் தொகை கேளுங்கள். "அது உள்ளேயே அடக்கம்" என்றால், ஒப்பந்தத்தில் எந்த வரியில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

1. ஏஜண்ட் கட்டணம். எப்போது கட்டுவது, எவ்வளவு திரும்பும்?

2. கரு உருவாக்கும் செலவு. ஊசி மருந்து, முட்டை எடுப்பது, மருத்துவக்கூடம், கருவை உறைய வைத்துப் பாதுகாக்கும் வாடகை.

3. சுமக்கும் பெண்ணுக்கான தொகை, மாதச் சாப்பாடு, தங்குமிடம், பரிசோதனை, காப்புறுதி.

4. பிரசவம். அறுவைச் சிகிச்சையானால் எவ்வளவு, இரட்டைக் குழந்தையானால் எவ்வளவு?

5. வழக்கறிஞர். அந்த நாட்டில் ஒருவர், நம் நாட்டில் ஒருவர். இரத்த உறவைக் காட்டும் மரபணுச் சோதனை, மொழிபெயர்ப்பு, முத்திரைச் செலவு இதில் சேரும்.

6. பயணம். குறைந்தது இரண்டு முறை போக வேண்டும். இரண்டாம் முறை, குழந்தையின் பத்திரங்கள் கைக்கு வரும்வரை அங்கேயே தங்க வேண்டும். அது வாரக் கணக்கிலும் ஆகலாம், மாதக் கணக்கிலும் ஆகலாம்.

7. இழந்த சம்பளம். இதை யாரும் எழுதுவதில்லை. நீங்கள் அங்கே தங்கும் நாளில் இங்கே பேர் போட மாட்டார்கள். வேலை காத்திருக்குமா என்பதையும் கேட்டு வையுங்கள்.

இனி ஏஜண்டின் காகிதத்தில் இல்லாத இரண்டு தலைப்புகள்.

8. தோல்வி. வைத்த கரு ஒரே முறையில் தங்கும் என்று எந்த மருத்துவரும் உறுதி தர முடியாது. தங்காவிட்டால் மறுபடி வைக்க வேண்டும். கரு மீதி இல்லையென்றால் இரண்டாம் தலைப்பிலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும். இடையில் கலைந்துபோனாலும், அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த பணம் திரும்பாது. அவள் பட்ட பாட்டுக்கு அதைத் திருப்பிக் கேட்பதும் முறையில்லை.

9. குறைமாதக் குழந்தை. கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றும் சிகிச்சைக்கு நாள் வாடகை. எத்தனை நாள் என்பது யாருக்கும் தெரியாது. "ஒரே செலவில் இரட்டைப் பிள்ளை" என்று ஆசை காட்டினால் மயங்காதீர்கள். இரட்டைக் கர்ப்பத்தில்தான் குறைப்பிரசவம் அதிகம். உங்கள் பணத்துக்கும், சுமக்கும் பெண்ணின் உயிருக்கும், பிள்ளையின் உடல்நலத்துக்கும் ஒரு நேரத்தில் ஒரு கருவே நல்லது.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். ஒரு பேச்சுக்கு, ஏஜண்ட் 60,000 அமெரிக்க டாலர் என்கிறார் என்று வையுங்கள். டாலருக்கு 4 வெள்ளி 10 காசு என்றால் 246,000 வெள்ளி. 4 வெள்ளி 80 காசு என்றால் 288,000 வெள்ளி. 2024 பிப்ரவரியில் டாலர் ஏறக்குறைய 4.80-ஐத் தொட்டது, அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் 4.10 பக்கம் இறங்கியது. ஒரு கர்ப்ப காலத்துக்குள் 42,000 வெள்ளி வித்தியாசம்! 2025 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்த 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தில், இது இரண்டு ஆண்டு உழைப்பு. யாரும் ஏமாற்றவில்லை, நாணய மாற்று மட்டும் விழுங்கியது.

கணவனும் மனைவியும் வேலை செய்து, வீட்டுச் செலவு போக மாதம் 800 வெள்ளி மிச்சம் பிடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டாலும், 246,000 வெள்ளி சேர 25 ஆண்டுக்கு மேல் ஆகும். அமெரிக்காவுக்குப் போனால் இதைவிடப் பல மடங்கு. சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், அமெரிக்காவில் இம்முறையில் பிள்ளை பெற்ற ஒருவர் கட்டியது ஏறக்குறைய 200,000 அமெரிக்க டாலர். பிறகும் தம் சொந்தப் பிள்ளையைச் சட்டப்படி தத்தெடுக்க அவர் நீதிமன்றப் படி ஏறி இறங்க வேண்டியிருந்தது.

ஆகவே, சொன்ன தொகையோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டி, அதுவே உண்மை விலை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொகை கையிலோ வங்கியிலோ இல்லாமல் முதல் காசைக் கட்டாதீர்கள். பாதிக் கிணறு தாண்டிய பிறகு ஏஜண்ட் கை விரித்தால், ஒரு பெண்ணின் வயிற்றில் உங்கள் பிள்ளை இருக்கும், நிறுத்த முடியாது. அப்போதுதான் மனிதன் வட்டி முதலையின் வாசலுக்குப் போகிறான். மலிவு விலை வீட்டை விற்றும், தாலிக்கொடியை அடகு வைத்தும், கூட்டுப் பணத்தை முதல் மாதமே எடுத்தும் இதில் இறங்க வேண்டாம். பிள்ளை வந்து சேரும்போது அதற்குப் பால் மாவு வாங்கப் பணமும், படுக்க ஒரு கூரையும் இருக்க வேண்டும் அல்லவா?

பணத்தை மொத்தமாகக் கட்டவும் வேண்டாம். கரு வைத்த பிறகு இவ்வளவு, மூன்றாம் மாதம் இவ்வளவு என்று கட்டம் கட்டமாகக் கட்டுங்கள். பணம் ஏஜண்டின் கணக்கில் இல்லாமல், பொறுப்பான மூன்றாம் நபரின் கணக்கில் இருக்க வேண்டும். அந்த மூன்றாம் நபர் உண்மையில் வேறு ஆளா என்றும் விசாரியுங்கள். 2009-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஒரு நிறுவனம் மூடப்பட்டபோது, அப்படி ஒப்படைத்திருந்த தம்பதியரின் பணம் ஏறக்குறைய 20 லட்சம் டாலர் காணாமல் போயிருந்தது. காவலாளியும் நிறுவனத்தின் ஆளாகவே இருந்தால் பெட்டிக்குப் பூட்டு எதற்கு?

நான்காவது: பிள்ளைக்குப் பத்திரம் கிடைக்குமா?

மேலே சொன்னதெல்லாம் பணம். பணம் போனால் உழைத்துச் சேர்க்கலாம். இது அதைவிடப் பெரியது.

சிவப்பு அடையாளக் கார்டோடும், கார்டே இல்லாமலும் நம் தோட்டத்து மக்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். பிறப்புப் பத்திரத்தில் ஒரு கோடு கோணினால் பிள்ளைக்குப் பள்ளி, மருத்துவமனை, வேலை, கல்யாணம் எல்லாம் கோணும்.

தகப்பன் மலேசியர், இரத்தமும் அவருடையது, ஆகவே பிள்ளையும் மலேசியர் என்று நினைக்கிறோம். அரசியலமைப்புச் சட்டம் அப்படி நேராகச் சொல்லவில்லை. சட்டப்படியான திருமணத்தில் பிறக்காத பிள்ளைக்கு, "தந்தை" என்று எழுதியுள்ள இடத்தில் தாயை வைத்தே பார்க்க வேண்டும் என்று அதன் இரண்டாம் அட்டவணை கூறுகிறது. 2021 மே மாதம் கூட்டரசு நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. தகப்பன் மலேசியர், தாய் பிலிப்பைன்ஸ் நாட்டவர். பிள்ளை அங்கே பிறந்த சில மாதங்களுக்குப் பிறகே பெற்றோர் திருமணத்தைப் பதிந்தார்கள். அந்தப் பிள்ளை தானாகவே குடிமகனாகிவிடாது என்று ஏழு நீதிபதிகளில் நால்வர் தீர்ப்பளித்தனர்.

அது வாடகைத் தாய் வழக்கு அல்ல. ஆனால் பாடம் நமக்கும்தான். பெற்றெடுத்தவள் வேறொரு நாட்டுப் பெண். அவள் உங்கள் மனைவி அல்ல. பிறப்புப் பத்திரத்தில் அந்த நாட்டார் உங்கள் மனைவியின் பெயரை எழுதித் தந்தாலும், நம் தேசியப் பதிவு இலாகா அதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்பதை முன்கூட்டியே கேட்க வேண்டும். குடியுரிமை கிடைக்காவிட்டால் அமைச்சுக்குத் தனி விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க வேண்டும். அந்த நாடும் தன் குடியுரிமையைத் தராவிட்டால், பிள்ளை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் நிற்கும்.

ஆகவே, ஏஜண்டுக்கு முதல் காசு கட்டுமுன், குடியுரிமை வழக்குகளை அறிந்த ஒரு வழக்கறிஞரிடம் எழுத்து மூலமாக ஆலோசனை பெறுங்கள். அந்த நாட்டிலுள்ள நம் தூதரகத்தையும் கேளுங்கள். இந்த முழுக் கணக்கிலும் மிகச் சிறிய செலவு இதுதான். மிக அவசியமானதும் இதுதான்.

சுமக்கும் பெண்ணையும் நினையுங்கள்

"வாடகை" என்ற சொல்லிலேயே ஒரு குறை இருக்கிறது. வீட்டை வாடகைக்கு விட்டால் வீட்டுக்கு வலி இல்லை. இங்கே சுமப்பவள் ஒரு தாய், வறுமையால் வந்தவள், நம்மைப் போல் ஒரு குடும்பப் பெண். மிக மலிவாகக் கிடைக்கிறது என்றால், அந்த மலிவு அவளுடைய பங்கிலிருந்துதான் வெட்டப்படுகிறது. அவளுக்கு என்ன கிடைக்கிறது, பிரசவத்தில் ஏதாவது நேர்ந்தால் அவள் பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு என்று கேளுங்கள். பதில் சொல்லாத ஏஜண்டிடம் உங்கள் பிள்ளையையும் நம்பி விடாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. சுமக்கப் பெண் தேடும் ஆட்கள் ஏழைகள் இருக்கும் இடத்துக்குத்தான் வருவார்கள். நம் வீட்டுப் பெண்களிடமும் "வெளிநாட்டில் பத்து மாதம், நல்ல பணம்" என்று சொல்லி வரலாம். 2024 டிசம்பரில், கம்போடியாவுக்கு அப்படி அழைத்துச் செல்லப்பட்ட 13 பிலிப்பைன்ஸ் கர்ப்பிணிகளுக்கு அந்நாட்டு நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்தது. அரசர் மன்னிப்பு அளித்த பிறகே அவர்கள் ஊர் திரும்பினர்.

வேறு கதவும் உண்டு

கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது நமக்கு எட்டாது" என்று தெரிந்தால் மனம் உடைந்துவிடாதீர்கள். கடனில் விழுந்த பிறகு தெரிவதைவிட, காகிதத்தில் தெரிவது நல்லது.

நம் தோட்டங்களில் ஒரு காலத்தில், வளர்க்க முடியாமல் விடப்பட்ட சீனப் பெண் குழந்தைகளை எத்தனையோ தமிழ்த் தாய்மார்கள் எடுத்து வளர்த்தார்கள். அந்தப் பிள்ளைகள் தமிழ் பேசி, தீமிதி பார்த்து வளர்ந்து, இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். யாருடைய இரத்தம் என்று எவரும் கேட்பதில்லை.

தத்தெடுக்க இன்றும் வழி உண்டு. தீபகற்ப மலேசியாவில் 1952-ஆம் ஆண்டுச் சட்டங்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று நீதிமன்றம் வழியாகத் தத்தெடுப்பது. இது முஸ்லிம் அல்லாதவர்களுக்கானது. மற்றொன்று, குறைந்தது இரண்டு ஆண்டு வளர்த்த பிறகு தேசியப் பதிவு இலாகாவில் பதிவது. சமூக நல இலாகாவில் போய்ப் பெயர் கொடுத்து விவரம் கேளுங்கள். இங்கேயும் பெற்ற தாயின் பத்திரங்களைப் பார்க்காமல் பிள்ளையை வாங்காதீர்கள். காசு கொடுத்துக் கைமாற்றும் தரகரிடம் போகவே போகாதீர்கள். அது தத்து அல்ல, கடத்தல்.

பிள்ளை வேண்டும் என்ற ஏக்கத்துக்கு விலை போட நமக்கு உரிமை இல்லை. அந்த ஏக்கத்தை வைத்து வியாபாரம் செய்கிறவனுக்கு எவ்வளவு கொடுப்பது என்பதை முடிவு செய்யும் உரிமை உங்களுடையது. இன்றிரவே ஒரு நோட்டுப் புத்தகத்தில் அந்த ஒன்பது தலைப்புகளையும் இருவரும் சேர்ந்து எழுதுங்கள். பத்தாவதாக, "பத்திரம்" என்று எழுதி அடிக்கோடு போடுங்கள். அந்தப் பத்தாவது வரிக்குப் பதில் கிடைக்கும்வரை, பணப்பெட்டி பூட்டியே இருக்கட்டும்.